தாங்கிக்கு மேலே ஒரு வாயில்: உடையார்கட்டு மோட்டார்த் தொழிலாளருக்கு ஒரு திறந்த மடல்

உடையார்கட்டிலும் விசுவமடுவிலும் வள்ளிபுனத்திலும், பரந்தன் முல்லைத்தீவு வீதியோரத்துப் பிற ஊர்களிலும் கராஜ் நடத்திவரும் அண்ணன்மாருக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பி தங்கையருக்கும்:

பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றின் பெற்றோல் தாங்கிக்கு மேலே தரைத்தகட்டை வெட்டி, கீழே மறைந்திருக்கும் எரிபொருள் பம்பியைக் கையால் எட்டத்தக்க ஒரு வாயிலையும், அதற்கு இசைவான ஒரு மூடியையும் அமைப்பது எங்ஙனம் என்ற விஷயம் உங்களிடையே சில காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. அதனைச் செய்யலாமா என்று கேட்போரும், செய்து முடித்துவிட்டு நன்றென்று சொல்வோரும், அது வண்டியைக் கெடுக்கும் வேலை என்று மறுப்போரும் உங்களுள் இருக்கிறீர்கள். இவ்வேலையைச் செய்யலாம், பல வண்டிகளிலே செய்யத்தான் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதனைச் செய்யும் முறையிலே, நமது வன்னி மண்ணின் தொழிற் சம்பிரதாயத்தில் ஒரு பகுதியைப் போற்றிக் கைக்கொள்ளவும், மற்றொரு பகுதியை மனமறிந்து கைவிடவும் வேண்டியிருக்கின்றது. அதனைச் சற்று விரிவாகச் சொல்லவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

இந்த வேலை உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பது நீங்கள் அறிந்ததே. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 மாசி மாதம் வரையில் அந்தத் தடை நீடித்தமையால், இந்நாட்டிலே பழைய வண்டிகளுக்கு முன்னொருபோதும் இல்லாத மதிப்பு உண்டாயிற்று. கொட்டிலில் கிடந்த கார்களெல்லாம் வெளியே இழுக்கப்பட்டன. மொறிஸ் மைனரும் ஓஸ்ரினும் மட்டுமன்றி, எம்.ஜி., ட்றயம்ப் முதலிய ஸ்போட்ஸ் கார்களும், முன்னே செல்வந்தர் சிலர் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கென்றே பேணிவந்த வகையான வண்டிகளும், கொழும்பிலும் கண்டியிலும் உள்ள கராஜ்களில் மறுபடியும் உயிர்பெறத் தொடங்கின. அந்தக் கராஜ்களிலே வேலைக்குச் சென்றிருப்போரில் நமது வன்னிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழைய யந்திரத்தை அதன் சத்தத்தைக் கேட்டே அறியும் கை நம்மவரிடம் உண்டென்று சிலர் வியக்கிறார்கள். அதிலே எனக்கு வியப்பில்லை, ஏனெனில் அந்தக் கை எந்தப் பள்ளியிலே பழகியது என்பது எனக்குத் தெரியும்.

1990 ஆனி மாதத்தில் மீண்டும் மூண்ட போரோடு வந்த பொருளாதாரத் தடையே அந்தப் பள்ளி. பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வடபுலத்துக்கு வராமற் போன அந்த ஆண்டுகளிலே, வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றிய மக்கள், காரை ஓட்டுவதற்கு மண்ணெண்ணெயைத் தேடிக்கொண்டார்கள். உலகத்தின் பிற பாகங்களிலே அரும்பொருட் காட்சிக்கு உரியவையாகிவிட்ட ஓஸ்ரின் ஏ40 போன்ற கார்கள், இங்கே நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிக்கொண்டு, பெற்றோலுக்கென்று வகுக்கப்பட்ட யந்திரத்தால் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு, கரும்புகை கக்கியபடி நமது கிறவல் வீதிகளிலே ஓடின. குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாத எண்ணெயோ பிளக்கின் பொறிக்குப் பற்றாது என்பதால், காபுரேற்றரின் வாயிலே சில துளி பெற்றோலை விட்டு யந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உபாயத்தை நம்மவர்கள் கைக்கொண்டார்கள். மண்ணெண்ணெயின் ஒரு பகுதி எரியாமலே சிலிண்டர் வழியே இறங்கி யந்திர ஓயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிலே கரி படியும். ஏற்றத்தில் யந்திரம் தட்டும். இவற்றையெல்லாம் அளக்க ஒரு கருவியும் இல்லாமல், காதாலும் மூக்காலும் விரல் நுனியாலும் அளந்து வண்டியை ஓடவைத்தவர்கள் உங்கள் தந்தையர். 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களோடு அந்தத் தொழிலறிவும் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்து, இங்கே முன்னமே இருந்த உழவு யந்திரத் திருத்துநரின் அனுபவத்தோடு கலந்து, 2002 சித்திரையில் ஏ9 வீதி திறக்கப்படும் வரையில் நமது காடுகளின் ஓரத்திலே வளர்ந்தது. இதனை நான் மிகுந்த கௌரவத்தோடு நினைக்கிறேன். அந்த ஆண்டுகளில் ஒரு காபுரேற்றரைத் திருத்தியவன் ஒரு வைத்தியனுக்குச் சமமான தொண்டு செய்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் நிர்ப்பந்தம் கற்பித்த கல்வி என்பதனாலேயே அதனுள் ஆபத்தும் கலந்திருந்தது. பெற்றோல் நிரப்பிய சிறு போத்தலை யந்திரத்தின் அருகே கட்டித் தொங்கவிட்டு, மெல்லிய குழாயொன்றால் காபுரேற்றருக்கு இறக்குவது. பெற்றோல் தாங்கி இருக்கும்போதே அதனருகே வெல்டிங் பிடிப்பது. கசிவைச் சவர்க்காரத்தால் அடைத்துவிட்டுப் பயணம் தொடங்குவது. இவையெல்லாம் வேறு வழியில்லாத காலத்தின் வழிகள். அன்று வண்டி நகராவிட்டால் ஓர் உயிர் போகக்கூடும் என்ற நிலையிலே, அந்த அபாயம் கணக்கிட்டே ஏற்கப்பட்டது. இன்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழ்ச்சிக்காக ஓட்டுவதற்கென்று கொண்டுவரும் எம்.ஜி. காரைத் திருத்தும்போது, அதே வேகத்தையும் அதே துணிவையும் கொண்டுவருவதற்குக் காரணம் ஏதுமில்லை. நான் கைவிடச் சொல்வது இந்த அவசரத்தைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் பெரும்பாலும் வரக்கூடியது எம்.ஜி.பி. என்ற வகை ஆதலால் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையிலே 1962 முதல் 1980 வரையில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட இந்தக் காருக்கு, தனியான இரும்புச் சட்டம் கிடையாது. தரையும் பக்கங்களும் ஒன்றாகப் பொருத்தப்பட்ட தகட்டுடலே அதன் பலம் முழுவதையும் தாங்குகின்றது. இதனை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள், வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் இதற்கு வருவேன். இந்தக் காரிலே எஸ்.யூ. என்ற மின்பம்பி, வலப்பக்கத்துப் பின்சக்கரத்துக்கு முன்னே, தரைத்தகட்டின் கீழே, மழைத்தண்ணீரும் சேறும் நேரே தெறிக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. அதற்குப் பக்கத்திலேதான் பற்றறிப் பெட்டியும் இருக்கின்றது. 1974 வரையில் வந்த கார்களில் ஆறு வோல்ற் பற்றறிகள் இரண்டு, ஆசனத்துக்குப் பின்னே, தரைக்கடியில் வைக்கப்பட்டன. அந்தப் பற்றறிகளை எட்டுவதற்கு ஆசனத்தின் பின்னே ஒரு மூடியை அமைத்த அதே தொழிற்சாலை, ஒரு சாண் தூரத்திலே இருந்த பம்பிக்கு மூடி எதனையும் அமைக்கவில்லை! பம்பி நின்றுவிட்டால் வண்டியை ஜக்கிலே தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, மண்ணிலே படுத்து, கண்ணால் காணமுடியாத ஒரு பொருளைக் கையால் தடவித்தான் வேலை செய்யவேண்டும். கடைசி ஆண்டுகளில் வெளிவந்த வண்டிகளிலே அந்தப் பம்பியின் மின்முனைப் பக்கம் டிக்கிக்குள் எட்டும்படியாக மாற்றி அமைக்கப்பட்டது. முதலில் வைத்த இடம் பிழையென்று செய்தவர்களே உணர்ந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்தப் பம்பியின் இயல்பை அறிந்தவர்களுக்கு வாயில் ஏன் வேண்டும் என்பது எளிதில் விளங்கும். திறப்பைத் திருப்பியவுடன் மின்காந்தம் ஒரு சவ்வை இழுக்கின்றது, தாங்கியிலிருந்து பெற்றோல் உள்ளே வருகின்றது. இழுப்பின் முடிவிலே ஒரு சிறு நெம்பு மின்முனைகளைப் பிரித்துவிடுகின்றது, காந்தம் சக்தியிழக்க, வில்லு சவ்வைத் தள்ளிப் பெற்றோலைக் காபுரேற்றருக்கு அனுப்புகின்றது. மீண்டும் முனைகள் சேருகின்றன. இந்தச் சேர்தலும் பிரிதலும்தான் நாம் கேட்கும் டிக் டிக் என்ற ஓசை. காபுரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் ஓசை மெதுவாகித் தானே அடங்கவேண்டும். அடங்காமல் விரைந்து தட்டிக்கொண்டிருந்தால் எங்கோ காற்று இழுக்கின்றது அல்லது தாங்கி வற்றிவிட்டது என்று பொருள். யந்திரம் நின்றிருக்க இடைவிடாமல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தால் எங்கோ பெற்றோல் கசிகின்றது என்று பொருள், அப்போது உடனே திறப்பைத் திருப்பி மின்னை நிறுத்திவிடுங்கள். ஒரேயடியாக மௌனமாயிருந்தால் மின்முனைகள் கருகியிருக்கும், அல்லது நெடுநாள் ஓடாமல் கிடந்ததால் அவற்றின்மேலே மாசு படிந்திருக்கும். அப்போது பம்பியை ஒரு தடியால் தட்டினால் அது விழித்துக்கொள்வதும் உண்டு. உலகமெங்கும் எம்.ஜி. வைத்திருப்போர் இதனை அறிவர். முனையை மெல்லிய தாளால் துடைத்துவிட்டால் போதும் என்ற அளவில் முடியும் ஒரு வேலைக்கு, அரைநாள் வண்டிக்கடியில் கிடக்கவேண்டி வருவதை நினைத்துப் பாருங்கள்.

பம்பி தாங்கிக்கு வெளியே இருக்கும் வண்டியின் நிலை இது. தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கும் வகையின் நிலை இன்னும் கடினமானது. ஜாகுவார் நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஈ வகைக் காரின் முதற் பதிப்பிலே, பம்பி தாங்கியினுள் பெற்றோலிலேயே மூழ்கியிருந்தது. 1964இல் வந்த 4.2 லீற்றர் பதிப்பிலே அதனைக் கைவிட்டு, வெளியே வைக்கும் எஸ்.யூ. பம்பிக்கு மாறினார்கள். பின்னர் எரிபொருளைப் பீச்சும் முறை பரவியபோது, பம்பி மீண்டும் தாங்கிக்குள் குடிபுகுந்தது. அதற்குத் தக்க காரணங்களும் உண்டு. சுற்றிலுமுள்ள பெற்றோல் பம்பியைக் குளிர்விக்கின்றது. உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளுவதே அதன் வேலையாகிவிடுவதால், வெப்பத்தில் குழாயினுள்ளே பெற்றோல் ஆவியாகி ஓட்டம் தடைப்படுவது குறைகின்றது. சித்திரை வைகாசி வெயிலிலே வண்டி ஓட்டும் நமக்கு இது பெரும் சௌகரியம். ஆனால் பம்பியை உள்ளே வைத்த எல்லோரும் அதனை வெளியே எடுக்க வழி வைக்கவில்லை. 1982 முதல் 1992 வரையில் வந்த அமெரிக்கச் செவ்ரோலே கமாரோ காரிலே, பம்பியை மாற்றுவதற்குத் தாங்கியை இறக்கவேண்டும், தாங்கியை இறக்குவதற்குப் புகைக்குழாயைக் கழற்றிப் பின்னச்சையும் தாழ்த்தவேண்டும். ஆகையால் அந்நாட்டிலே எத்தனையோ பேர் பின்தரையை வெட்டி வாயில் அமைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் எங்கும் ஓடும் ஜப்பானியக் கார்கள் பலவற்றில், பின்னாசனத்தைத் தூக்கினால் வட்டமான தகட்டுமூடி ஒன்று இருப்பதை நீங்கள் ஒவ்வொருவரும் கண்டிருப்பீர்கள். அங்கே வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிகின்றது. நாம் பழைய காரிலே செய்ய நினைப்பது, அந்த ஜப்பானியப் பொறியியலாளர் முன்யோசனையோடு செய்துவைத்ததைக் காலந்தாழ்த்திச் செய்வதே.

பழுது பார்ப்பதற்கு முன்கூட்டியே வழி வைப்பது நமக்குப் புதிதன்று. உடையார்கட்டுக் குளத்தை எண்ணிப் பாருங்கள். குளத்துக்குக் கட்டுப் போட்டவர்கள் தண்ணீரை மறித்ததோடு நின்றுவிடவில்லை. துருசு வைத்தார்கள், அந்தத் துருசிலே பழுது வந்தால் மனிதன் இறங்கிப் பார்ப்பதற்கும் வழி வைத்தார்கள். அப்படி வைத்ததனால்தான், கட்டியவன் பெயர் மறந்துபோன பின்னரும், அந்தக் குளத்தின் நீரைக் கொண்டு வயல் செய்ய முடிகின்றது.

பழைய காரை அது தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே காக்கவேண்டும், அதன் உடலிலே புதிதாக ஒரு துளையும் இடலாகாது என்று சொல்லும் சிலர் கொழும்பிலே இருக்கிறார்கள். அவர்களுடைய சிரத்தையை நான் மதிக்கிறேன். ஒருநாளும் வெட்டப்படாத உடல் ஒன்று, குறிப்பாக எண்ணிக்கையில் அருகிப்போன வகையைச் சேர்ந்தது, ஒரு சாசனத்துக்கு ஒப்பானது. அத்தகைய வண்டி வந்தால் வெட்டுவதற்கு முன்னே, பம்பியையே எளிதில் எட்டத்தக்க வேறிடத்துக்கு மாற்ற இயலுமா என்று ஆராயுங்கள். எஸ்.யூ. வகைப் பம்பியை டிக்கியின் பக்கத்திலே வைத்துக் குழாயை நீட்டுவது பெரும்பாலும் இயலும். அவ்வாறு மாற்றினால் உடலும் காக்கப்படும், நாளைக்குப் பழையபடி ஆக்கவும் கூடும். ஆனால் எட்டமுடியாத பம்பியின் கசிவை எவரும் காண்பதில்லை, காணாத கசிவே காரை எரிக்கின்றது. மாற்றவும் இயலாத இடத்தில், கம்பளத்தின் கீழே மறைந்திருக்கும் ஒரு சிறு மூடி வண்டியின் கௌரவத்தைக் குறைத்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். எரிந்துபோன காரிலே காப்பதற்கு எந்தக் கோலமும் மிஞ்சாது.

இப்போது நெருப்பைப் பற்றி. மண்ணெண்ணெயோடு வாழ்ந்த நமது தலைமுறைக்குப் பெற்றோலின் குணம் ஓரளவு மறந்துவிட்டது என்றே நினைக்கிறேன். தீப்பற்றத்தக்க ஆவியை மண்ணெண்ணெய் வெளிவிடுவதற்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அந்த ஆவியை விடுகின்றது. அதாவது நம் நாட்டின் எந்தக் குளிரிலும் அது ஆயத்தமாகவே இருக்கின்றது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையிலே படர்ந்து, கராஜின் குழிக்குள்ளும் காரின் டிக்கிக்குள்ளும் தேங்கி நிற்கும். நூறு பங்கு காற்றிலே ஒன்றரைப் பங்கு அளவான ஆவி சேர்ந்தாலே வெடிப்பதற்குப் போதும். எட்டுப் பங்கை அண்மித்தால், காற்றுப் போதாமல் அது பற்றாது. நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கி கொடியது என்று உங்கள் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், அதன் காரணம் இதுதான். நிறைந்த தாங்கியினுள்ளே ஆவி செறிந்திருக்கின்றது, காற்றுக்கு இடமில்லை. ஊற்றி வெறுமையாக்கிய தாங்கியிலோ, அடியில் எஞ்சிய சில கரண்டிப் பெற்றோலின் ஆவியும் புதிதாகப் புகுந்த காற்றும் கலந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கின்றன.

ஆகையால் தாங்கி வண்டியிலே இருக்க, அதன் மேலுள்ள தகட்டைக் கிறைண்டரால் அறுக்காதீர்கள். நனைத்த சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு அறுத்தேன், ஒன்றும் நேரவில்லை என்று எவரேனும் சொன்னால், ஒருமுறை நேராததை வைத்து மறுமுறைக்கு உத்தரவாதம் சொல்ல இயலாது என்று அவருக்குச் சொல்லுங்கள். பற்றறியின் மண்முனையைக் கழற்றிய பின், திறந்த வெளியிலே, நிழலில், பெற்றோலை மூடியுள்ள கலத்துக்குள் வடித்தெடுங்கள். பிறகு எவ்வளவு நேரம் பிடித்தாலும் தாங்கியை ஒருமுறை இறக்குங்கள். இதைத் தவிர்க்கத்தானே வாயில் அமைக்கிறோம் என்று கேட்பீர்கள். ஆம், இதுவே கடைசித் தடவையாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் இப்போது இறக்கச் சொல்கிறேன். இறக்கிய தாங்கியின் வாய்களை அடைத்து, வேலை நடக்கும் இடத்துக்கு அப்பால், காற்றோட்டமும் நிழலுமுள்ள இடத்திலே வையுங்கள். தரைக்கடியிலும் டிக்கியிலும் ஈரமோ மணமோ இல்லாதபடி காற்றாட விடுங்கள். தாங்கி இறங்கியிருக்கும் அந்தச் சந்தர்ப்பத்திலேயே, அதன் அடியில் படிந்த துருவையும் சேற்றையும் கழுவி, உறிஞ்சு குழாயின் வடிகட்டியையும் மாற்றிவிடலாம். ஆண்டுக்கணக்கில் கலன்களிலே சேமித்து ஊற்றிய எண்ணெயைக் குடித்த வண்டிகளிலே பம்பி கெடுவதற்கு இந்தச் சேறே பெரும்பாலும் காரணமாயிருக்கின்றது.

வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பதிலேதான் தொழிலாளியின் புத்தி தெரியும். தாங்கியின் மேலே பம்பி பொருந்தியிருக்கும் வளையத்தின் நடுவைக் கணித்து, அதற்கு நேர்மேலே தகட்டின் இருபுறமும் குறியிடுங்கள். வளையம் திருப்பிக் கழற்றும் வகையாயின், அதனைத் தட்டித் திருப்புவதற்குப் பித்தளைத் துண்டும் சுத்தியலும் புகுந்து வீசுவதற்கு இடம் வேண்டும். இரும்பு உளியை அங்கே கொண்டுபோகலாகாது, அதிலிருந்து பொறி பறக்கும். பம்பியோடு எண்ணெய் அளவு காட்டும் மிதவையும் சேர்ந்திருந்தால், அது நேரே மேலே வராது. சாய்த்துத்தான் எடுக்க முடியும். எனவே வாயிலை மிதவையின் கை நீண்டிருக்கும் பக்கத்திலே சற்று அகலமாக்குங்கள். குறியிட்ட இடத்தின் கீழே குறுக்குச் சட்டமோ, ஆசனப் பட்டியின் பிடியோ, பிறேக் குழாயோ, வயரோ செல்லுமாயின் அவ்விடத்தை விட்டு விலகுங்கள். பம்பிக்கு மேலே சட்டமே வந்துவிட்டால், அந்த வண்டியிலே இவ்வேலை ஆகாது என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். தரைத்தகட்டிலே காணும் மேடும் பள்ளமுமான வரிகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் கனமே உள்ள அந்தத் தகட்டுக்கு விறைப்பைத் தருபவை அவைதாம். சட்டமில்லாத உடலென்று எம்.ஜி.பி.யைப் பற்றி முன்னே சொன்னேன். அங்கே ஒரு வரியை அறுப்பது வண்டியின் எலும்பொன்றை அறுப்பதாகும்.

வாயிலின் மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். 1952இல் கொழும்புக்கும் சேவை நடத்திய கொமெற் என்ற ஜெற் விமானத்தின் சரித்திரத்தை அறியாதோர் அறிந்துகொள்ளுங்கள். உலகத்தின் முதலாவது ஜெற் பயணிகள் விமானமாகிய அதிலே இரண்டு, 1954ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் நடுவானிலே சிதறிக் கடலில் வீழ்ந்தன. இங்கிலாந்தின் பான்பரோவிலே ஒரு கொமெற் விமானத்தின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஏற்றி இறக்கி அழுத்திச் சோதித்தபோது, அதன் தகட்டுடலிலே வெட்டப்பட்டிருந்த வாயிலொன்றின் மூலையிலிருந்தே வெடிப்புத் தொடங்கியமை தெரியவந்தது. இழுவிசை தகட்டினூடே செல்லும்போது கூரான மூலையிலே வந்து குவிந்து நிற்கின்றது, அங்கே தகடு சோர்ந்து கிழிகின்றது. நமது கிறவல் வீதியிலே குலுங்கும் கார் ஆகாயத்தில் பறப்பதில்லை எனினும், விதி ஒன்றே. ஆகவே நாலு மூலையிலும் முதலிலே பெரிய வட்டத் துளைகளைப் போட்டு, அத்துளைகளை நேர்கோட்டால் இணைத்து, தகரம் வெட்டும் கத்தரிக்கோலாலோ, தகட்டைச் சிறுசிறு துண்டாகக் கடித்தெடுக்கும் கருவியாலோ வெட்டி, விளிம்பை அரத்தால் மழுப்பிவிடுங்கள். வட்டமாகவே வெட்ட இயலுமாயின் அது எல்லாவற்றிலும் மேலானது.

வெட்டிய தகடு இழந்த பலத்தை மூடியும் விளிம்பும் திருப்பித் தரவேண்டும். வாயிலைச் சுற்றிலும் உட்புறமாக ஒரு தகட்டு வளையத்தைப் பொருத்தி, றிவெற் வகை நட்டுகளை அதிலே பதித்து, வாயிலைவிட ஓர் அங்குலமாவது நாற்புறமும் பெரிதான மூடியை ஸ்குறூவால் இறுக்குங்கள். தகரத்திலே நேரே முறுக்கும் ஸ்குறூ இரண்டு மூன்று தடவை கழற்றியதும் பிடியை விட்டுவிடும். மூடிக்கும் தரைக்கும் இடையே இடும் றப்பர் விஷயத்திலே நம்மிடம் ஒரு தவறான பழக்கம் உண்டு. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைப்பதைத்தான் சொல்கிறேன். பெற்றோலின் ஆவி பட்டால் அது ஊதி, மென்மையாகி, சில மாதங்களில் பசைபோலாகிவிடும். எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட நைற்றில் றப்பரைக் கேட்டு வாங்குங்கள். இந்த அடைப்பு மழைத்தண்ணீருக்காக மட்டும் இடப்படுவதன்று. தாங்கிக்கும் மனிதர் இருக்கும் இடத்துக்கும் நடுவே இருந்த ஒரே சுவரை நாம் அறுத்திருக்கிறோம். பின்னாலிருந்து இன்னொரு வாகனம் மோதித் தாங்கி உடைந்தால், அந்த வாயில் வழியே பெற்றோல் உள்ளே வராமல் தடுக்கவேண்டியது இந்த மூடியே. அலுமினியத் தகடு இலேசானது, வெட்டுவதற்கும் எளிது, ஆனால் தீயிலே இரும்புக்கு முன்னே உருகிவிடும். ஆதலால் மூடியை இரும்பிலேயே செய்யுங்கள். வயர் நுழையும் துளைகளுக்கு றப்பர் வளையம் இடுங்கள். பம்பிக்கென்று தனிப் பியூஸ் ஒன்று வையுங்கள். பீச்சும் முறைக்கு மாற்றப்பட்ட வண்டியாயின், சதுர அங்குலத்துக்கு மூன்று இறாத்தல் அளவிலே மெல்லத் தள்ளும் பழைய பம்பியின் இடத்தில், பெரும்பாலும் நாற்பது இறாத்தல் அளவான அழுத்தம் நிற்கும் என்பதை மறவாதீர்கள். அங்கே தளர்ந்த கிளிப் ஒன்று சொட்டாது, பீச்சியடிக்கும். வெட்டிய விளிம்பு முழுவதும் துரு தடுக்கும் பெயின்ற் பூசிய பிறகே மூடியைப் பொருத்துங்கள், ஏனெனில் வெறும் இரும்பைக் காட்டிய தகடு ஒரே மாரியிலே துருவேறத் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் ஒரு நாளிலே செய்துவிட இயலாது, செய்யவும் வேண்டாம். உரிமையாளர் அவசரப்படுத்துவார், கூலியைக் குறைத்துப் பேசுவார், தாங்கியை இறக்காமலே வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் இன்னொருவரைச் சுட்டிக்காட்டுவார். அவரை அந்த இன்னொருவரிடமே போகவிடுங்கள். நெருப்பு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். போரின் இறுதிக் கட்டத்தில், 2009 தை மாதத்திலே பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள்ளே உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அந்த வலயத்திலும் அதன் கிழக்கேயும் மக்கள் விட்டுப்போன வாகனங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் வீதிகளின் ஓரத்திலே ஆண்டுக்கணக்காகக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். எரிந்த தகட்டின் நிறத்தை அறிந்த ஊர் இது. இங்கே தொழில் பழகும் ஒரு பிள்ளை, பணத்துக்காகவோ நேரத்துக்காகவோ, பெற்றோல் ஆவிக்கு மேலே பொறி பறக்கவிட்டான் என்ற செய்தி என் காதுக்கு வரக்கூடாது என்பதே இம்மடலை எழுதும்போது என் மனத்தில் இருந்த பெரிய கவலை.

முதன்முதலாக இவ்வேலையைச் செய்யப்போகிறவர்கள், பழைய இரும்புக் கடையிலே கிடைக்கும் ஏதேனும் ஒரு காரின் பின்தரைத் தகட்டை வாங்கிவந்து, அதிலே குறியிட்டு, துளையிட்டு, வெட்டி, மூடி பொருத்தித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் மூடியைக் கழற்றி மறுபடியும் செய்யுங்கள். பெரிய கராஜ் வைத்திருக்கும் அண்ணன்மார், சுற்றுப்புறத்துப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்து இதனைக் காட்டிக்கொடுத்தால் பெரும் உபகாரமாக இருக்கும். அன்றைக்குத் தீயணைக்கும் கருவியொன்றைக் கையிலே கொடுத்து, அதன் பூட்டை எப்படிக் கழற்றுவது என்பதையும் பழக்குங்கள். வாடிக்கையாளரின் வண்டியிலே வேலை முடிந்ததும், மூடியின் உட்புறத்திலே செய்த திகதியையும், பொருத்திய பம்பியின் வகையையும், பியூஸின் அளவையும் அழியாத பெயின்றால் எழுதிவிடுங்கள். பத்தோ இருபதோ ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த மூடியைத் திறக்கப்போகும் திருத்துநர் உங்களை அறியமாட்டார், ஆனால் அவருக்கு முதலில் வேண்டியிருப்பது அந்த மூன்று விபரங்களுமே.

இங்ஙனம்,
உங்கள் தொழிலின்மேல் அன்புள்ள,
வன்னியின் பழைய மோட்டார்த் தொழிலாளி ஒருவன்